இறங்குவதற்காக ஏறிய பாரம்

வக்கீல்கள் இயந்திரம் கண்டுபிடித்ததாக நாம் அதிகம் கேள்விப்பட்டதில்லை. நியூகாஸில் நகரத்து வில்லியம் ஆர்ம்ஸ்டிராங் ஒரு விதிவிலக்கு. பத்திரக் கட்டுகளைவிட அவருக்குத் தண்ணீரின் மேல்தான் கண். நகரக் குழாய்த் தண்ணீரின் அழுத்தத்தைக் கொண்டே 1846-இல் துறைமுகத்தில் ஒரு பாரந்தூக்கியை ஓட்டிக் காட்டினார். மறு வருஷமே வக்கீல் தொழிலுக்கு முழுக்குப் போட்டார். (பின்னால் அவருக்கு 'சர்' பட்டம் கிடைத்தது, பீரங்கி செய்ததற்காக. உலக வழக்கம் அப்படி.)

குழாய் அழுத்தம் ஏறும், இறங்கும். அதை நம்பிச் சரக்குத் தூக்க முடியாது. நிலையான அழுத்தம் வேண்டுமென்றால் தண்ணீரை உயரத்தில் ஏற்றி வைக்க வேண்டும். இதற்காகவே 1852-இல் கிரிம்ஸ்பி துறைமுகத்தில் 309 அடிக் கோபுரம் எழுந்தது. அழகான கோபுரம். எனக்கோ, கட்ட முடியாமற்போன இன்னொரு கோபுரத்தின் மேல்தான் மதிப்பு அதிகம். அதே ஹம்பர் நதிக்கரையில், நியூ ஹாலண்டில் மணற்பூமி, கோபுரம் நிற்காது.

ஆர்ம்ஸ்டிராங் யோசித்தார். உயரம் எதற்கு? கனம் போதுமே! நிமிர்ந்து நிற்கும் இரும்பு உருளை. அதற்குள் ஒரு தண்டு. தண்டின் தலையில் கல்லும் இரும்பும் நிரப்பிய பெரிய பெட்டி. சின்ன நீராவி யந்திரம் தண்ணீரை மெல்ல மெல்ல உள்ளே செலுத்தும். பெட்டி மேலே ஏறும். வேலை வந்ததும் வால்வைத் திறந்தால் பெட்டி இறங்கும். அதன் கனமெல்லாம் தண்ணீரின் மேல் விழும். வீட்டுப் பெண்கள் சிறுவாடு சேர்ப்பது போலத்தான்: சேர்ப்பது துளித்துளியாக, எடுப்பது மொத்தமாக.

லண்டனில் 1883-இல் இதற்கென்று ஒரு கம்பெனியே ஏற்பட்டது. தெருக்களுக்கு அடியில் ஏறக்குறைய 180 மைல் குழாய். சதுர அங்குலத்துக்குச் சுமார் 800 பவுண்டு அழுத்தம். ஓட்டல் லிப்டுகளும் கிடங்குப் பாரந்தூக்கிகளும் நாடகக் கொட்டகைத் திரைகளும் அதனால் இயங்கின. மேலே நடந்தவர்களில் எத்தனை பேர் காலடியை நினைத்திருப்பார்கள்?

மின்சார மோட்டார் வந்தது. வாடிக்கைக்காரர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். 1977-இல் கம்பெனியின் கடைசி நிலையமும் நின்றது. பிறகு குழாய்களை வாங்கிய தொலைபேசிக் கம்பெனி, தண்ணீர் ஓடிய வழியில் கம்பிகளை இழுத்தது.

சூரியனிடமும் காற்றிடமும் மின்சாரம் வாங்கத் தொடங்கிய பிறகு, வாங்கியதை எங்கே வைப்பது என்ற கவலை வந்துவிட்டது. ஜெர்மனியில் ஒரு யோசனை சொன்னார்கள்: நிலத்திலேயே பாறையை உருளையாக வெட்டி, அடியில் தண்ணீரைச் செலுத்தித் தூக்குவது, இருட்டிய பிறகு இறக்குவது. மணலில் கோபுரம் நிற்காததால் பிறந்த அதே பெட்டிதான். இம்முறை கல் நிரப்பும் வேலைகூட மிச்சம்.