ஒரு இறாலுக்கு எத்தனை பெயர்?

போன வருடம் மே மாதம், மீன்தொட்டி ஸ்டாண்டுக்குப் பின்னால் பெருக்கும்போது துடைப்பத்தில் ஒரு இறால் சிக்கியது. காய்ந்து, ஆரஞ்சு நிறமாகி, கருவாட்டுக் கடையிலிருந்து வந்த மாதிரி இருந்தது. ரெண்டு நாளாகக் கணக்கில் ஒன்று குறைகிறதே என்று தேடிக்கொண்டிருந்த அமானோ இறால் அது. தொட்டியிலிருந்து சுவர் வரைக்கும் எப்படிப் போனது? என் பெண் கேட்டாள்: "ஏம்ப்பா வெளிய வந்துச்சு? தண்ணி பிடிக்கலையா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. வழக்கம்போல ராத்திரி லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்தேன். பத்து நிமிஷ வேலை என்று நினைத்தது, 1850களில் கொண்டுபோய் விட்டது.

1853-ல் அமெரிக்கக் கடற்படை வட பசிபிக்கை ஆராயக் கப்பல்களை அனுப்பியது. அதில் விலங்கியலாளராகப் போனவர் வில்லியம் ஸ்டிம்ப்சன், அப்போது 21 வயது. 1856 வரை சுற்றி, ஹாங்காங், ஜப்பான், அதன் தெற்கே இருக்கும் போனின் தீவுகள் என்று போன இடமெல்லாம் நண்டு, இறால், நத்தை சேர்த்தார். 1860-ல் லத்தீனில் சுருக்கமான விவரணைகளாக வெளியிட்டார். போனின் தீவுகளில் கிடைத்த ஒரு நன்னீர் இறாலுக்கு அவர் வைத்த பெயர் காரிடினா மல்டிடென்டாட்டா. பல பற்கள் உள்ளது என்று அர்த்தம். கண்களுக்கு நடுவே நீளும் கொம்பில் ரம்பம் மாதிரி இருக்கும் பற்களைச் சொல்கிறார்.

பிறகு ஸ்டிம்ப்சன் சிகாகோ அறிவியல் அகாடமிக்குப் பொறுப்பேற்றார். தன் சேகரிப்புகள் எல்லாவற்றையும் அங்கே கொண்டுவந்தார். தீப்பிடிக்காத கட்டடம் என்று நம்பினார்கள். 1871 அக்டோபரில் சிகாகோ மாநகரமே எரிந்தபோது அதுவும் எரிந்தது. மாதிரிகள், கையெழுத்துப் பிரதிகள், எல்லாம் போச்சு. எங்கள் தொழிலில் சொன்னால், பேக்கப் இல்லாத ஒரே சர்வர். அடுத்த வருடம் மே மாதம் ஸ்டிம்ப்சன் இறந்தார். 40 வயதுதான். காசநோய் ஏற்கெனவே இருந்தது. ஆனாலும் அந்தத் தீயையும் சேர்த்துத்தான் நான் காரணம் சொல்வேன்.

மிஞ்சியது சில வரி லத்தீன் மட்டும். ஒப்பிட்டுப் பார்க்க மாதிரி இல்லாததால் அந்தப் பெயர் மறந்தே போனது. 1892-ல் ஜெ.ஜி. டி மான் என்ற டச்சு விலங்கியலாளர் ஜப்பானிய இறால் ஒன்றைப் புதியது என்று நினைத்து காரிடினா ஜப்போனிக்கா என்று பெயரிட்டார். அடுத்த நூறு வருடத்துக்கும் மேல் அந்தப் பெயர்தான் ஓடியது. இரண்டும் ஒரே இறால்தான் என்று ஆய்வாளர்கள் ஒரு கட்டுரையில் காட்டியது 2006-ல். முதலில் வைத்த பெயர்தான் நிற்கும் என்பது விலங்கியலில் விதி. ஸ்டிம்ப்சனின் பெயர் 146 வருடம் கழித்து மறுபடி உட்கார்ந்தது.

அதற்குள் கடைகளில் வேறு பெயர் நிலைத்துவிட்டது. தகாஷி அமானோ 1954-ல் நீகாட்டாவில் பிறந்தவர். முதலில் தொழில்முறை சைக்கிள் பந்தய வீரர், பிறகு காடுகளைப் படமெடுத்த புகைப்படக்காரர், பிறகு தொட்டிக்குள் காடு வளர்த்தவர். செடி செழிக்க வெளிச்சமும் கார்பன் டை ஆக்சைடும் கொடுத்தார். கூடவே பாசியும் செழித்தது. செடித்தொட்டி வைத்த எல்லோருக்கும் தெரிந்த தலைவலி. 1980களின் ஆரம்பத்தில், பாசியை மேய்வதில் இந்த இறாலுக்கு இணை இல்லை என்று கண்டுகொண்டு ஆயிரக்கணக்கில் வரவழைத்தார். 1990களில் அவருடைய புத்தகங்கள் உலகம் முழுக்கப் போயின, கூடவே இறாலும் போனது. ஜப்பானில் அதற்கு யமாதோ நுமா எபி என்று பெயர். நுமா என்றால் சதுப்பு, எபி என்றால் இறால். வேடிக்கை என்னவென்றால் இது சதுப்பில் வாழ்வது இல்லை. வேகமாக ஓடும் மலையாறுகளில் வாழ்வது.

இங்கேதான் என் பெண்ணின் கேள்விக்குப் பதில் கிடைத்தது. இந்த இறால் ஆற்றில் முட்டை பொரிக்கும். குஞ்சுகள் நீரோட்டத்தில் அடித்துக்கொண்டு கடலுக்குப் போகும், உப்பு நீரில்தான் அவை வளர முடியும். கொஞ்சம் பெரிதானதும் ஆற்றுக்குத் திரும்பி, எதிர்நீச்சல் போட்டு, ஈரப் பாறைகளில் தொற்றி, சின்ன அருவிகளின் ஓரமாக ஏறி மலைக்குப் போகும். என் தொட்டியில் ஃபில்டர் குழாய் எப்போதும் ஈரம். தண்ணீர் விழும் சத்தம். அதற்கு அது அருவி. ஏறியிருக்கிறது. மேலே ஆறு இல்லை, சுவர்தான் இருந்தது.

தண்ணீர் கெட்டாலும் இறால் ஏறும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதனால் முதலில் அம்மோனியா, நைட்ரைட் டெஸ்ட் பண்ணினேன். இரண்டும் பூஜ்யம்.

முட்டை சுமந்த பெண் இறாலை முன்பே ஒருமுறை பார்த்திருந்தேன். ஒரு மாதத்துக்கு மேல் வயிற்றடியில் வைத்து விசிறிக்கொண்டே இருந்தது. ஒரு காலை தண்ணீரில் தூசி மாதிரி வெள்ளைப் புள்ளிகள். சில நாளில் ஒன்றும் இல்லை. அப்போது ஃபில்டர் இழுத்துவிட்டது என்று நினைத்தேன். இழுக்காவிட்டாலும் செத்திருக்கும். கடல் இல்லை. இதே சிக்கலை 1960களின் தொடக்கத்தில் பினாங்கில் ஷாவோ-வென் லிங் என்பவர், நாம் சாப்பிடும் பெரிய ஆற்று இறாலில் அவிழ்த்தார். நன்னீரில் குஞ்சுகள் திரும்பத் திரும்பச் செத்துக்கொண்டிருந்தன. உப்பு கலந்த நீரில்தான் வளரும் என்று அவர் கண்ட பிறகே அந்த ஆற்று இறாலின் பண்ணைத் தொழில் பிறந்தது.

நானும் ஒரு தப்புப் பண்ணியிருக்கிறேன், ஒளிக்காமல் சொல்கிறேன். அமானோ நன்றாக இருந்த தைரியத்தில், கொளத்தூர் போய் சிவப்பு-வெள்ளை கிரிஸ்டல் ரெட் பத்து வாங்கிவந்தேன். 1990களில் ஜப்பானில் ஹிசயாசு சுஸுகி என்பவர், கறுப்பு-வெள்ளை 'பீ' இறால்களுக்கு நடுவே தற்செயலாகச் சிவந்து பிறந்ததை விடாமல் பெருக்கி உருவாக்கிய வகை இது. சிவப்பு ஒடுங்கு மரபணு. இரண்டு பக்கமும் இருந்தால்தான் வெளியே தெரியும். அதனால் சொந்தத்துக்குள்ளேயே இணைத்து இணைத்து வந்த கூட்டம். மூதாதைகள் தென் சீனாவில் குவாங்டாங், ஹாங்காங் மலை ஓடைகளில், உப்பே சேராத மென்னீரில் வாழ்பவை. அந்தக் காட்டு இனத்துக்கு காரிடினா லோகெமான்னி என்று தனிப் பெயர் கிடைத்ததே 2014-ல். அதுவரை காரிடினா கான்டோனென்சிஸ் என்ற ஒரே பெயரில் இதையும் புலி இறாலையும் சேர்த்துக் கட்டியிருந்தார்கள்.

நானும் அப்படித்தான் கட்டினேன். இறால் என்றால் இறால். எங்கள் தெரு போர் தண்ணீர் டி.டி.எஸ். மீட்டரில் 900 காட்டும். அது கடினம் என்று தெரிந்ததால் வெறும் ஆர்.ஓ. தண்ணீரை ஊற்றினேன். அது அடுத்த தப்பு. இறால் சட்டை கழற்றி வளர்கிற பிராணி. புது ஓடு கட்ட கால்சியம், மெக்னீசியம் வேண்டும். ஆர்.ஓ. இரண்டையும் வடித்துவிடுகிறது. சென்னைச் சித்திரையில் தொட்டி வெப்பம் 31 டிகிரி வேறு. அதற்கு வேண்டியது 22, 23. தலைக்கும் உடலுக்கும் நடுவே வெள்ளை வளையம் விழுந்து, பாதி கழன்ற ஓட்டோடு ஒவ்வொன்றாகப் போயின. மூன்று வாரத்தில் பத்தும். கடைக்காரர் என்னிடம் ஒரே கேள்விதான் கேட்டிருந்தார்: "சார், ஏசி ரூமா?" சிரித்துவிட்டு வந்திருந்தேன்.

இப்போது ஆர்.ஓ. தண்ணீரில் தாதுப்பொடி கலந்து, மீட்டர் 200 காட்டிய பிறகுதான் ஊற்றுகிறேன். பத்து சதவீதத்துக்கு மேல் ஒரே நாளில் மாற்றுவதில்லை. புதிதாக வந்தவற்றுக்குச் சொட்டுச் சொட்டாக ஒன்றரை மணி நேரம் பழைய தண்ணீரில் புதுத் தண்ணீரைக் கலக்கிறேன். கழற்றிய சட்டையை எடுப்பதில்லை, அவையே தின்றுவிடும். மீனுக்குப் போடும் வெண்புள்ளி மருந்தில் தாமிரம் இருக்கிறதா என்று பார்க்காமல் தொடுவதில்லை. இறாலின் ரத்தமே தாமிரத்தில்தான் ஓடுகிறது, ஆனால் தண்ணீரில் கரைந்த தாமிரம் கொஞ்சம் கூடினாலும் கொன்றுவிடும். எனக்கு இன்னும் ஆச்சரியமான விஷயம் இது. தொட்டிக்கண்ணாடியின் மூன்று பக்கம் துடைப்பதையும் விட்டாச்சு. அந்த வழுவழுப்புப் படலம்தான் அவற்றுக்குச் சாப்பாடு.

கிரிஸ்டல் ரெட் மறுபடி வாங்கவில்லை. செர்ரி இறால் இருக்கிறது. இதுவும் கிழக்காசியாவிலிருந்து வந்ததுதான், காட்டில் பழுப்பு நிறம். குஞ்சுக்குக் கடல் வேண்டாம், வெப்பத்தையும் ஓரளவு தாங்கும். பன்னிரண்டில் ஆரம்பித்தது, இப்போது எண்ண முடியவில்லை. என் பெண் எண்ணுவதை 60-ல் நிறுத்திவிட்டாள்.

அமானோ நான்கு மிச்சம். தொட்டிக்குக் கண்ணாடி மூடி போட்டு, குழாய் வெளியே வரும் மூலையில் ஸ்பாஞ்ச் துண்டு அடைத்திருக்கிறேன். காலையில் லைட் போடும்போது ஒன்றாவது அந்த மூலையில்தான், தண்ணீர் விழுகிற இடத்துக்கு நேர் கீழே, மேலே பார்த்தபடி தொற்றிக்கொண்டிருக்கிறது.