பாடி முதல் ஸ்ரீபெரும்புதூர் வரை: ஒரு பிரேக் காலிப்பரின் கதை

காரின் முன் சக்கரத்தைக் கழற்றினால் பளபளவென்று ஒரு வட்டத் தட்டு தெரியும். அதைக் கவ்விக்கொண்டு ஒரு இரும்புக் கட்டி உட்கார்ந்திருக்கும். அதுதான் காலிப்பர். பெடலை மிதித்தால் பிரேக் ஆயில் உள்ளே இருக்கும் பிஸ்டனைத் தள்ளும், இரண்டு பேடுகளும் தட்டை இறுக்கிப் பிடிக்கும். விஷயம் அவ்வளவுதான். ஆனால் இது நம்ம ஊர் சாதாரண கார்களுக்கு வந்து சேரப் பல பத்து வருடங்கள் ஆயின.

1902ல் பர்மிங்காமில் பிரெடரிக் லான்செஸ்டர் என்பவர் டிஸ்க் பிரேக்குக்குக் காப்புரிமை வாங்கினார். அவர் வைத்தது செம்புப் பட்டை. போட்ட சத்தத்தில் தெருவே திரும்பிப் பார்த்திருக்கும்! புழுதி ரோட்டில் சீக்கிரம் தேய்ந்தும் போனது. 1953ல் லே மான் பந்தயத்தில் டிஸ்க் பிரேக் போட்ட ஜாகுவார் ஜெயித்த பிறகுதான் உலகம் முழித்துக்கொண்டது.

அதே 1953ல் இங்கே வேறு கதை. வெளிநாட்டு உதிரிகளை இறக்கி, பூட்டி விற்கிற வேலை இனி நடக்காது, இங்கேயே செய்யத் திட்டம் இருந்தால் இரு என்று அரசு சொல்லிவிட்டது. ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் மூட்டை கட்டின. காரை இங்கே செய்யவேண்டும் என்றால் பிரேக்கையும் இங்கேதானே செய்யவேண்டும்? 1962ல் டிவிஎஸ் குழுமமும் இங்கிலாந்தின் லூகாஸும் சேர்ந்து பாடியில் பிரேக்ஸ் இந்தியாவைத் தொடங்கின. லூகாஸிடம் இருந்த கர்லிங் பிரேக் நுட்பம் இப்படித்தான் சென்னைக்கு வந்தது. பஸ், லாரிகளின் ஏர் பிரேக்குக்கு அதே வருடம் சுந்தரம் கிளேட்டன், அதுவும் பாடியில்.

ஆனாலும் அம்பாசடரும் பத்மினியும் வெகு காலம் டிரம் பிரேக்கிலேயே ஓடின. போட்டியே இல்லாத சந்தையில் எவன் மாற்றுவான்!

1996ல் ஹூண்டாய் இருங்காட்டுக்கோட்டைக்கு வந்தது. 1998ல் சான்ட்ரோ, முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். ஹூண்டாய் தனியாக வரவில்லை, தன் சப்ளையர்களையும் கூட்டி வந்தது. அதில் பிரேக் செய்கிற மாண்டோ 1997ல் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வந்தது. மாண்டோவின் ஹல்லா குழுமத்தைத் தொடங்கியவர் ஹூண்டாயைத் தொடங்கிய சுங் ஜூ யுங்கின் தம்பி. வந்த வருடமே ஆசிய நிதி நெருக்கடியில் கொரியாவில் ஹல்லா கவிழ்ந்தது. மாண்டோ கைமாறிப் போய், 2008ல்தான் குடும்பத்துக்குத் திரும்பியது. இத்தனைக்கும் நடுவில் இங்கே லைன் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

இதில் எனக்கு உறுத்துவது ஒன்று உண்டு. டிரம் காலத்து மெக்கானிக் வீல் சிலிண்டரைப் பிரித்து, ரப்பர் கிட் மாற்றி, அன்றைக்கே வண்டியை அனுப்பிவிடுவார். இன்று காலிப்பர் ஜாம் ஆனால் பெரிய சர்வீஸ் சென்டர்களில் முழுசாக மாற்றச் சொல்வதுதான் அதிகம். பிஸ்டனில் துரு குழி விழுந்திருந்தால் அது சரிதான், பிரேக்கில் சிக்கனம் பார்க்கக் கூடாது. ஆனால் பாதி நேரம் ஸ்லைடு பின்னில் கிரீஸ் காய்ந்திருக்கும், அவ்வளவே. அதைப் பிரித்துப் பார்க்கிற கை குறைந்துகொண்டே வருகிறது. மாற்றும்போதும் இடது வலது பார்த்துப் பூட்ட வேண்டும். மாற்றிப் பூட்டினால் பிளீடர் நிப்பிள் கீழே போய்விடும், காற்று மேலேயே தங்கும். எத்தனை தடவை பிளீட் செய்தாலும் பெடல் பஞ்சு மாதிரி இறங்கும்.

பாடியின் கதை இன்னும் வேடிக்கை. லூகாஸின் பங்கு டிஆர்டபிள்யூவுக்குப் போய், 2015ல் ஜெர்மனியின் இசட்எஃப் கைக்கு வந்தது. 2020ல் இசட்எஃப் வாப்கோவையும் வாங்கியது. வாப்கோ இந்தியா என்பது பழைய சுந்தரம் கிளேட்டனின் ஏர் பிரேக் பிரிவுதான்! இரண்டும் ஒரே கையில் இருக்கக் கூடாது என்று இந்தியப் போட்டி ஆணையம் நிபந்தனை போட, பிரேக்ஸ் இந்தியா பங்கை இசட்எஃப் விற்க வேண்டி வந்தது. 1962ல் இங்கிலாந்தோடு கூட்டு சேர்ந்த கம்பெனியில் வெளிநாட்டுப் பங்கு அப்படித்தான் முடிந்தது.