ஒளியும் அமீபாவும்: ஒரு மருத்துவ நம்பிக்கையின் வரலாறு

ஒளியை மருந்தாகக் கொள்ளும் எண்ணம் பழமையானது. ஆயின், சாயமும் ஒளியும் கூடியவிடத்து உயிரணு மடியும் என்ற உண்மை, ஓரணு உயிரியை ஆராய்ந்தபோதே முதலில் வெளிப்பட்டது. மியூனிச்சில் ஹெர்மன் பொன் தாப்பைனரின் மாணவராயிருந்த ஒஸ்கார் ராப், அக்ரிடீன் என்னும் பொருள் பரமேசியத்துக்கு எவ்வளவு நஞ்சாகும் என்று அளந்து வந்தார். ஒரே செறிவுடைய கரைசலில் அவ்வுயிர்கள் ஒருகால் விரைவாகவும் மற்றொருகால் மெதுவாகவும் இறந்தன. இவ்வேறுபாட்டுக்கு ஒளியே காரணம் என 1900 இல் அவர் வெளியிட்டார். இவ்விளைவுக்கு ஒட்சிசனும் வேண்டும் எனக் கண்ட தாப்பைனர், அதற்கு ‘ஒளியியக்க விளைவு’ என்னும் பொருள்படப் பெயரிட்டார். 1903 இல் இயோசின் சாயத்தைப் பூசி, ஒளி பாய்ச்சித் தோற்புற்றுக்குச் சிகிச்சையளிக்கவும் முற்பட்டார்.

கண்ணைத் தாக்கும் ஒட்டுண்ணியின் வரலாறு பிறிதோரிடத்தில் தொடங்குகின்றது. முன்னர் கொழும்பிற் பணியாற்றிய இத்தாலிய மருத்துவர் அல்டோ காஸ்டலானி, 1930 இல் தமது மதுவ வளர்ப்பொன்றில் அமீபா ஒன்றைக் கண்டார். அகந்தமீபா காஸ்டலானி என்னும் பெயர் அவரையே நினைவூட்டுகின்றது. நீரிலும் மண்ணிலும் எங்கும் வாழும் இவ்வுயிர் மனிதரின் விழிவெண்படலத்தைப் புண்ணாக்கும் என்பது 1970களிலேயே தெளிவாயிற்று. 1980களில் தொடுவில்லை அணிவோரிடையே இந்நோய் பெருகியது. 1985 இல் இலண்டனில் புரொப்பமிடின் துளிமருந்தால் இந்நோய் குணமாக்கப்பட்டமை அறிவிக்கப்பட்டது. எனினும், இடர் வந்தவிடத்துத் தடித்த சுவருள் ஒடுங்கிச் சிறைப்பையாகும் இவ்வமீபாவை மருந்து எளிதில் வெல்வதில்லை. பல மாதச் சிகிச்சையின் பின்னரும் பார்வை இழந்தோர் உளர்.

இந்நிலையிலேதான் ஒளி மீண்டும் அழைக்கப்பட்டது. விழிவெண்படலம் மெலிந்து கூம்பும் நோய்க்கு ரைபோபிளேவினையும் 370 நனோமீற்றர் அலைநீளமுடைய ஊதாக்கடந்த கதிரையும் பயன்படுத்தும் முறையை டிரெஸ்டன் நகர ஆய்வாளர் 2003 இல் வெளியிட்டனர். கதிர் 30 நிமிடம் பாய்ச்சப்பட்டது. கொலாஜன் நார்கள் பிணைந்து படலம் வலுப்பெற்றது. 2008 இல் மருந்துக்கு அடங்காத பற்றீரிய, பங்கசுப் புண்களுக்கும் இம்முறை கையாளப்பட்டது. 2011 இல் அகந்தமீபாப் புண்ணுற்ற மூவர் இச்சிகிச்சையால் நலம்பெற்றனர் என்ற செய்தி பெரும் நம்பிக்கையை எழுப்பிற்று.

ஆனால், அதே ஆண்டில் வெளிவந்த ஆய்வுகூட முடிவு வேறாயிருந்தது. கண்ணாடிக் கலத்தில் அதே சாயமும் கதிரும் அமீபாவைக் கொல்லவில்லை. பின்னர் விலங்குகளில் நடத்திய சோதனைகளும் நற்பயனைக் காட்டவில்லை. அவ்வாறாயின் மூவரும் நலம்பெற்றது எங்ஙனம்? அவர்களுக்கு மருந்தும் உடன் வழங்கப்பட்டிருந்தது. நார்கள் பிணைந்தமையால் நொதியங்கள் படலத்தைக் கரைப்பது தடைப்பட்டிருக்கவும் கூடும். எனவே, குணம் உண்மையாயினும் அதற்குக் கூறப்பட்ட காரணம் நிறுவப்படவில்லை.

இவ்வினாவின் கனத்தை மதுரையில் நடந்த ஒரு சோதனை உணர்த்துகின்றது. பங்கசுப் புண்ணுற்ற 111 நோயாளரைக் குலுக்கல் முறையில் வகுத்து, ரைபோபிளேவின் ஒளிச்சிகிச்சை அங்கு ஒப்பிடப்பட்டது. 2020 இல் வெளியான முடிவின்படி, அது கிருமியைக் குறைக்கவில்லை. சிகிச்சை பெற்றோரின் பார்வை மற்றையோரினும் குறைவாகவே இருந்தது. தீங்கற்றதென எண்ணப்பட்ட முறையும் தீங்கு செய்யக்கூடும் என்பது ஒப்பீட்டினாலேயே புலனாயிற்று.

இதற்கிடையில் மயாமி ஆய்வாளர் ரோஸ் பெங்கால் சாயத்தையும் பச்சை ஒளியையும் நாடினர். அகந்தமீபா நோயாளரும் அடங்கிய அவர்களது 2019 ஆம் ஆண்டு முன்னோடி அறிக்கை ஊக்கமளித்தது. ஆயினும் அதில் ஒப்பீட்டுக் குழு இருக்கவில்லை. ரோஸ் பெங்கால், தாப்பைனர் கையாண்ட இயோசினின் இனத்தைச் சேர்ந்தது என்பது ஈண்டு நினையத்தக்கது. ஒரு நூற்றாண்டின் பின் மருத்துவம் புறப்பட்ட இடத்துக்கே மீண்டிருக்கின்றது. ராப் கண்டறிந்தது ஒளியின் ஆற்றலை மட்டுமன்று. பிற யாவற்றையும் சமமாக வைத்து ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்கும் நெறியின் பயனையும் அவரது சோதனை காட்டிற்று. நோயாளியின் கண்ணுக்கு முதற் காவல் அந்நெறியே.