ஆளுநர் பெயரில் இரு மீன்கள்: முரட்டு அயிரைகளும் அவற்றின் தொட்டித் துணைகளும்

ஆனைகட்டியில் தமிழக, கேரள எல்லையை ஒட்டி ஓடும் நீரோடைக்குக் கொடுங்கரைப்பள்ளம் என்று பெயர். கொங்குத் தமிழில் பள்ளம் என்பது தாழ்நிலத்தை மட்டும் குறிப்பதன்று; ஓடையும் பள்ளமே. இந்நீர் பவானியில் கலக்கிறது. பவானியோ, கேரளத்தில் ஓடியும் மேற்குக் கடலை நாடாமல் கிழக்கே சென்று காவிரியை அடையும் மூன்று ஆறுகளுள் ஒன்று. தொட்டி வளர்ப்போர் ‘லோச்’ என்றும் நாம் அயிரை என்றும் வழங்கும் மீன்குழுவின் அறிவியல் வரலாற்றில் இந்த ஆற்றுக்கு ஓர் இடம் உண்டு. அயிரைகளுள் சில முரட்டுத்தனமானவை. அவற்றோடு ஒரே தொட்டியில் எம்மீனைச் சேர்ப்பது என்பது வளர்ப்போரின் தீராத கேள்வி. அக்கேள்விக்கான விடையின் ஒரு பகுதி பத்தொன்பதாம் நூற்றாண்டுக் குறிப்புகளில் இருக்கிறது. மறுபகுதி அக்குறிப்புகள் எழுதாமல் விட்டவற்றில் இருக்கிறது.

சென்னை மாகாணப் படையில் மருத்துவராக இருந்த பிரான்சிஸ் டே, 1867இல் ஓர் அயிரையினத்தை விவரித்தார். அது கிடைத்த இடம் நீலகிரி அடிவாரத்துப் பவானியும் அதன் கிளை நீர்களும். 1861 முதல் 1866 வரை சென்னை ஆளுநராக இருந்த சர் வில்லியம் டெனிசனின் பெயரை அதற்குச் சூட்டினார். இன்று அது ஷிஸ்டூரா டெனிசோனி எனப்படுகிறது. இதற்கு ஈராண்டுகள் முன்னரே, 1865இல், இடுக்கி மலைகளின் அடிவாரத்திலுள்ள முண்டக்கயத்திலிருந்து வேறொரு மீனை விவரித்து அதற்கும் அதே ஆளுநரின் பெயரை இட்டிருந்தார். அதுவே செங்கோடும் கருங்கோடும் உடலில் ஓடும், ‘மிஸ் கேரளா’ என்று வணிகர் அழைக்கும் கெண்டையின மீன். இன்றைய அறிவியற்பெயர் சஹ்யாத்ரியா டெனிசோனி.

ஒரே பெயரைத் தாங்கிய இவ்விரண்டின் இயல்புகளும் நேர்மாறானவை. செங்கோட்டு மீன் கூட்டமாக நடுநீரில் ஓயாது நீந்தும். ஷிஸ்டூரா பேரினத்தின் பெரும்பாலான மீன்களோ அடித்தளத்தில் ஒரு கல்லிடுக்கைத் தமதாக்கிக்கொண்டு, அங்கு வரும் எதனையும் துரத்துபவை. டேயின் விவரிப்பில் துடுப்புக்கதிர்களின் எண்ணிக்கை உண்டு, மீசையிழைகள் உண்டு, நிறக்கோடுகள் உண்டு. துரத்தும் பழக்கம் இல்லை. சாராயத்தில் இட்ட மீன் யாரையும் துரத்தாது அல்லவா? அக்கால வகைப்பாட்டியலின் எல்லை அது. அவரைக் குறைகூற இதனைச் சொல்லவில்லை.

ஆயினும் அக்குறிப்புகள் ஓர் அரிய தகவலைப் போகிறபோக்கில் தந்துவிடுகின்றன: மீன் கிடைத்த இடம். டேக்கு முன்பே 1849இல் தாமஸ் ஜெர்டன், கோவைக்கும் பாலக்காட்டுக்கும் இடைப்பட்ட வாளையாற்று ஓடையிலிருந்து தட்டையான உடல்கொண்ட ஒரு மலையோடை மீனை விவரித்தார். 1920இல் சுந்தர் லால் ஹோரா அதற்கெனப் பவானியா என்ற பேரினத்தை நிறுவினார். விரிந்த துடுப்புகளால் பாறையில் ஒட்டிக்கொண்டு நீரின் விசையைத் தாங்கும் மீன் அது. மலையோடை மீன்களின் உடலமைப்பை நீரோட்டத்தோடு பொருத்திப் பார்த்ததே ஹோராவின் பெரும் பங்களிப்பு என்பேன். மீனின் உருவை ஓடையின் விசை விளக்குமெனில், அதன் சினத்தையும் ஓடையின் இடப்பரப்பைக் கொண்டு விளங்கிக்கொள்ளலாம்.

ஓடையில் துரத்தப்பட்ட மீன் இரண்டடி தள்ளிப்போனால் போதும். அங்கே வேறொரு கல் இருக்கும். இரண்டடி நீளத் தொட்டியில் தள்ளிப்போக இடமில்லை. துரத்தல் முடிவதே இல்லை. தோற்ற மீன் உண்ணாமல் மெலிந்து இறக்கிறது. ஆகவே துணை தேடுவோர் முதலில் பார்க்கவேண்டியது நீரின் அடுக்கு. ஷிஸ்டூரா இருக்கும் தொட்டியில் அடித்தளத்தை நாடும் வேறு மீன்களைத் தவிர்ப்பதே நல்லது. ஒரே ஓடையில் வாழ்வன என்பதற்காகப் பவானியாவையும் சேர்த்துவிடக்கூடாது; ஓடையில் அது நிற்கும் விசைமிக்க பாறைப்பரப்பு பெரும்பாலான தொட்டிகளில் அமைவதில்லை. மேலடுக்கில் விரைந்து நீந்தும் மீன்களே பொருத்தம். 1849இல் ஜெர்டன் விவரித்த, நம் ஓடைகளிலேயே கூட்டமாகத் திரியும் டெவாரியோ மலபாரிக்கஸ் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. நீண்ட துடுப்பும் மந்த நடையும் உடைய ஏஞ்சல், பெட்டா போன்றவை ஆகா. கற்களைக் குவித்துப் பார்வை மறைப்புகளை உண்டாக்குவதும், அயிரைகளின் எண்ணிக்கையைவிட மறைவிடங்கள் மிகுதியாக இருப்பதும் இன்றியமையாதவை.

பொட்டியா வகை அயிரைகளின் கதை வேறு. அவற்றின் கண்ணுக்கு அருகே மடக்கி நிமிர்த்தக்கூடிய முள் உண்டு. வலையில் சிக்கிக்கொள்வதும் அதனாலேயே. இவை தனித்திருப்பவை அல்ல, கூட்டத்துக்குள் மேல்கீழ் வரிசை வகுத்துக்கொள்பவை. ஒற்றை மீனாக வாங்கி வைத்தால் அவ்வரிசைப் பூசல் பிற இனங்களின்மேல் திரும்புகிறது. ஐந்தாறு மீன்களாக வைத்தால் தமக்குள்ளேயே தீர்த்துக்கொள்கின்றன. பர்மாவின் ஓடைகளிலிருந்து 1860இல் பிளைத் விவரித்த, இன்று சின்க்ரோசஸ் பேரினத்தில் வைக்கப்படும் பெர்ட்மோர் அயிரைக்கு இதுவும் போதாது. வலிய, விரைந்த, பெரிய மீன்களோடன்றி அதனைச் சேர்க்க முடியாது. சாந்தமானது பொட்டியா ஸ்ட்ரியாட்டா. துங்கை ஆற்றிலிருந்து 1920இல் அதனை விவரித்த சி. ஆர். நாராயண ராவ் கோயம்புத்தூரில் பிறந்தவர். பெங்களூர் சென்ட்ரல் கல்லூரியில் விலங்கியல் துறையை உருவாக்கியவர். நம் ஊர்க்காரர் ஒருவர் பெயரிட்ட மீன் உலகெங்கும் தொட்டிகளில் வாழ்கிறது என்பது கோவை மாணவர்களுக்கே பெரிதும் தெரிவதில்லை.

மொழியியல் பயின்றவன் என்ற முறையில் ஒரு சொல்லைத் தொடாமல் நகர இயலவில்லை. அயிரை என்ற பெயர் சங்க இலக்கியத்திலேயே உண்டு. குறுந்தொகையின் 128ஆம் பாடல் சேரரின் தொண்டித் துறையோடு அதனைச் சேர்த்துப் பேசுகிறது. கடற்கரையில் நாரைக்கு இரையாகும் அந்த மீனும், மதுரையில் பாலில் விட்டு மணலைக் கக்கவைத்துக் குழம்பாக்கும் மீனும் ஒன்றே என்று கொள்ளவேண்டியதில்லை. அயிர் என்றால் நுண்மணல். மணலில் புதையும் சிறுமீனுக்கு அப்பெயர் பொருந்துகிறது, அவ்வளவே. ஆனால் புதைந்து ஒளியும் மீன் என்ற அந்தச் சொல்லின் சாயல்தான் தமிழ் வாசகரைத் தவறான எண்ணத்துக்கு இட்டுச்செல்கிறது. கடையில் ‘அயிரை மாதிரி’ என்று சொல்லித் தரப்படும் ஷிஸ்டூரா மணலில் புதைந்து ஒதுங்குவதில்லை.

பொருத்தமற்ற சேர்க்கையில் இறப்பது பல நேரங்களில் வளர்ப்பகத்தில் பிறந்த மீன் அன்று, ஆற்றில் பிடித்த மீன். 1997இல் சிங்கப்பூரின் அக்வாராமா கண்காட்சியில் காட்டப்பட்ட பிறகு செங்கோட்டு மீனுக்கான தேவை பெருகியது. 2005 முதல் 2012 வரையிலான ஏற்றுமதிப் பதிவுகளை ஆராய்ந்து 2013இல் வெளியான ஆய்வொன்று, அழிவு அச்சுறுத்தலுக்கு உள்ளான முப்பது நன்னீர் மீனினங்கள் இந்தியாவிலிருந்து சுமார் 15 இலட்சம் எண்ணிக்கையில் சென்றதாகக் காட்டியது. அவற்றுள் பெரும்பங்கு செங்கோட்டு மீன்களும், துடுப்பைக் கடித்துக் குதறும் பட்டாணி அளவுத் திருவிதாங்கூர் பேத்தையும், நாராயண ராவின் பொட்டியா ஸ்ட்ரியாட்டாவுமே. செங்கோட்டு மீனைப் பிடிப்பதற்குக் கேரள அரசு 2008இல் கட்டுப்பாடுகள் கொண்டுவந்தது. ஆனால் தடை விதித்த மாதங்கள் மீனின் இனப்பெருக்கக் காலத்தோடு பொருந்தவில்லை என்பதைப் பின்வந்த ஆய்வுகள் சுட்டின. மீனின் வாழ்க்கையை அறியாமல் வகுக்கப்பட்ட நாட்காட்டி அது. எனவே தொட்டிக்குத் துணை தேடுவோர் பாதுகாக்கப்பட்ட இனங்களின் அட்டவணையை முதலில் பார்த்துவிட்டு, வளர்ப்பகத்தில் பிறந்தவற்றையே கேட்டு வாங்குவது நல்லது.