மன்செஸ்டரில் ‘கலைக்கப்பட்ட’ கூட்டம்

மன்செஸ்டர் எண்டால் எங்களில் பலருக்கு யுனைட்டட்டா சிற்றியா என்ற சண்டைதான் முதலில் வரும். பந்துக்கு முன்பு அது பருத்தியின் நகரம். நீராவி ஆலைகள் பெருகப் பெருக, வேலை தேடிச் சனம் வந்து குவிந்தது. ஆனால் 1819இல் அவ்வளவு பெரிய ஊருக்குப் பாராளுமன்றத்தில் தனக்கென்று ஓர் உறுப்பினர்கூட இல்லை.

அந்த வருடம் ஓகஸ்ட் 16ஆம் திகதி, வாக்குரிமை கேட்டு செயின்ட் பீட்டர்ஸ் திடலில் ஏறக்குறைய 60,000 பேர் கூடினார்கள். அமைதியாக வந்த கூட்டம். பெண்கள் பலர் வெள்ளை உடுத்தி, பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். பேச்சாளர் ஹென்றி ஹன்டைக் கைதுசெய்ய நீதவான்கள் உத்தரவிட, குதிரைப்படை வாளோடு கூட்டத்துக்குள் பாய்ந்தது. இறந்தவர்கள் 18 பேர் என்பது இன்றைய கணக்கு. காயப்பட்டவர்கள் நூற்றுக்கணக்கில். நாலு வருடம் முந்திய வாட்டர்லூ வெற்றியைக் குத்திக்காட்டி இதற்குப் ‘பீட்டர்லூ’ என்று பெயர் விழுந்தது. அரசாங்கமோ நீதவான்களுக்கு நன்றி சொன்னது. ஹன்டுக்கு இரண்டரை வருடச் சிறை. மன்செஸ்டருக்கு உறுப்பினர் கிடைக்க 1832 ஆனது.

எங்களை உறுத்துவது பிறகு நடந்ததுதான். அந்த இடத்தில் மாட்டியிருந்த நீலப் பலகையில், படையினர் கூட்டத்தைக் ‘கலைத்ததாக’ மட்டும் எழுதியிருந்தது. செத்த ஆக்களைப் பற்றி ஒரு சொல் இல்லை. கலைக்கிறதெண்டால், காகம் கலைக்கிற மாதிரியோ? ஆட்கள் விடாமல் கேட்டு 2007இல் அதை மாற்றுவித்தார்கள். புதிய சிவப்புப் பலகையில் இறந்தவர்களும் காயப்பட்டவர்களும் எத்தனை பேர் என்று இருக்கிறது. இறந்தவர்களின் பெயர்களைக் கல்லில் பொறித்த நினைவிடம் 2019இல்தான் வந்தது. சரியாக 200 வருடம்.