வெள்ளை அட்டை: சந்தைக்கு வரும் கடல்வாசி

சீனப் புத்தாண்டு நெருங்கும்போது குவீன்ஸ்டவுன் போன்ற பேட்டைகளின் உலர்பொருள் கடைகளில் கறுத்துச் சுருங்கிய கட்டைபோன்ற ஒன்று விற்பனைக்கு வரும். சீனர்கள் அதை ‘ஹாய்சென்’ என்பர், மலாயில் ‘தெரிப்பாங்’. மன்னார் வளைகுடா, பாக் நீரிணை மீனவர்களுக்கு அது கடல் அட்டை. அவற்றுள் விலைமிக்க வகைகளில் ஒன்று வெள்ளை அட்டை. அறிவியல் பெயர் ஹோலோதூரியா ஸ்காப்ரா.

பெயரில் அட்டை இருந்தாலும் இரத்தம் உறிஞ்சும் அட்டைக்கும் இதற்கும் உறவில்லை. நட்சத்திர மீனும் கடல் முள்ளெலியும்தான் இதன் சொந்தங்கள். கடற்புல் வளரும் ஆழமற்ற பகுதிகளில் வாழும். மணலை விழுங்கி, அதிலுள்ள உயிர்ச்சத்தை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியை வெளியேற்றும். நாளின் ஒரு பகுதியை மணலுக்குள் புதைந்தே கழிக்கும். இதனால் கடலடி மணல் கிளறப்படுகிறது. நிலத்தில் மண்புழு செய்யும் வேலைதான்.

பதப்படுத்துவது எளிதல்ல. குடலை நீக்கி வேகவைத்து, கரையோர மணற்குழியில் புதைப்பர். மேல்தோலின் சுண்ணாம்புப் படலம் இளகியதும் எடுத்துத் தேய்த்துக் கழுவி, மீண்டும் வேகவைத்து வெயிலில் உலர்த்துவர். உலர்ந்தபின் எஞ்சுவது உயிருள்ளபோது இருந்த எடையில் சிறு பங்கே.

ராமநாதபுரம், தூத்துக்குடிக் கரைகளில் முத்து, சங்கு போல இதுவும் குளியாளிகளுக்கு வருமானம் தந்தது. பிடிப்பு பெருகி, அட்டைகள் சிறுத்துப்போயின. 2001ல் இந்தியா எல்லாக் கடல் அட்டை இனங்களையும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தது. புலிக்கு உள்ள அதே பாதுகாப்பு. பிடித்தாலோ வைத்திருந்தாலோ சிறை. அட்டைக்குக் காவல் கிடைத்தது. அதையே நம்பியிருந்த குடும்பங்களுக்குப் பிழைப்பு போனது. கடத்தலும் நின்றபாடில்லை.

இத்தனைக்கும் வெள்ளை அட்டையின் குஞ்சுகளைப் பொரிப்பகத்தில் உருவாக்கும் முயற்சி 1988ல் தூத்துக்குடியில்தான் வெற்றி கண்டது. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் சாதனை அது. அந்த முறை இன்று பல நாடுகளில் வளர்ப்புத் தொழிலாகியிருக்கிறது. பாக் நீரிணைக்கு அப்பால், உரிமத்துடன் அட்டை பிடிக்க அனுமதிக்கும் இலங்கையின் வடக்கில் அட்டைப் பண்ணைகள் பெருகியுள்ளன. அங்கோ, பண்ணை வேலிகள் சிறு மீனவர்களின் கரையோரத் தொழிலுக்கு இடையூறு என்ற புகார் எழுந்துள்ளது.

2013ல் அனைத்துலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் இதை அருகிவரும் இனமாக அறிவித்தது.

சிங்கப்பூர்க் கடலிலும் இது உண்டு. கடற்கரை ஆர்வலர்கள் இதற்கு வைத்துள்ள செல்லப்பெயர் ‘பூண்டு ரொட்டி’. நீர் வற்றும் வேளையில் கடற்புல் திட்டுகளில் பழுப்பு நிறத்தில் கிடப்பதைக் கண்டால் பெயர்ப் பொருத்தம் விளங்கும்.