கந்தசாமி தோண்டின பத்தடிக் குழி

பெரியப்பா ரிட்டயர் ஆனதும் திருவண்ணாமலையில, ரமணாசிரமத்துக்குப் பின்பக்கம் ஒரு சின்ன மனை வாங்கி வீடு கட்டினார். கிரகப்பிரவேசம் முடிஞ்சு ஒரு மாசம் கழிச்சு ஒரு நாள் ராத்திரி போன்.

"டேய், ஃபாக்ஸ்டெயில் பாம் ஆறு வாங்கிட்டேன். எங்க வைக்கணும், எப்படி வைக்கணும்னு நீதான் வந்து சொல்லணும். இந்த சனிக்கிழமை வந்துடு."

எங்க வீட்டுல என் பேரு செடிப் பைத்தியம். வாரத்துக்கு அஞ்சு நாள் ஜாவா கோடு எழுதுறவன், சென்னையில வாடகை வீட்டு பால்கனியில முப்பது தொட்டி வெச்சிருந்தா வேற என்ன பேரு வரும்? :-) கிளம்பிப் போயிட்டேன்.

போய்ப் பார்த்தா, கேட் ஓரமா ஆறு கன்னும் கறுப்பு பிளாஸ்டிக் பையில வரிசையா நிக்குது. மனையோட மூலையில வேற ஒண்ணும் நிக்குது. ஒரு பனை வடலி, என் தோள் உயரம், யாரும் வெக்காம தானா முளைச்சது. காம்பவுண்ட் சுவர் எழுப்ப வந்த மேஸ்திரி, பனை வீட்டுக்கு ஆகாது சார், எடுத்துடலாம்னு சொல்லியிருக்கார்.

"என்ன பெரியப்பா, ஆஸ்திரேலியா பனையை காசு குடுத்து வாங்கிட்டு, சும்மா வந்த நம்ம ஊரு பனையை வெட்டப் போறீங்களா?"

"அழகுக்கு வெக்கிறதுடா. பேசாம வந்த வேலையைப் பாரு."

மறுநாள் காலையில அவரோட மலைப்பாதையில ஸ்கந்தாசிரமம் வரைக்கும் நடந்தேன். அங்க நிக்கிற தென்னைகளைப் பார்த்ததும், முன்னாடி எப்பவோ படிச்ச ஒரு விஷயம் ஞாபகம் வந்துச்சு. அதைத்தான் இங்க எழுதப் போறேன். கொஞ்சம் சுத்தி வரும், பொறுத்துக்கோங்க.

ரமணர் திருவண்ணாமலைக்கு வந்தது 1896 செப்டம்பர் 1. 1899ல இருந்து 1916 வரைக்கும் பெரும்பாலும் விருபாட்ச குகையில இருந்தார். அதுக்கப்புறம் 1922 வரைக்கும் அதுக்கு மேல இருக்கிற ஸ்கந்தாசிரமத்துல. அந்தப் பேருக்கே காரணம் கந்தசாமிங்கிற அடியார்தான், அந்த இடத்தை உருவாக்கினவர் அவர். இன்னிக்கு நிழலா, குளுகுளுன்னு இருக்கிற அந்த இடம் அப்போ எப்படி இருந்ததுன்னு ரமணரே பின்னாளில் சொல்லியிருக்கார். ஒரே பாறையும் சப்பாத்திக்கள்ளியும். கந்தசாமி ஒத்தை ஆளா, நாலு பேர் சேர்ந்தாலும் செய்ய முடியாத வேலையைச் செஞ்சு, கள்ளியை எல்லாம் எடுத்து, பாறையைச் சமன் பண்ணி, தோட்டம் போட்டிருக்கார். நடுறதுக்கு நாலு தென்னங்கன்னு கிடைச்சிருக்கு. அதுக்கு அவர் தோண்டின குழி பத்தடி ஆழம்!

தென்னைக்கு இன்னிக்கு வேளாண்துறை சொல்ற குழி மூணடிக்கு மூணடிக்கு மூணடி. பத்தடிங்கிறது கிட்டத்தட்ட ஒரு மாடி உயரம். பாறைச் சரிவுல, கடப்பாரையை வெச்சுக்கிட்டு. வேர் இறங்கவும் தண்ணி தங்கவும் அவ்வளவு தோண்டினாரோ என்னவோ. எனக்கு அந்தக் குழியை விட ஆச்சரியமா இருந்தது கள்ளிதான். சப்பாத்திக்கள்ளி அமெரிக்கக் கண்டத்துச் செடி. அது அண்ணாமலை மலை மேல என்ன பண்ணிக்கிட்டு இருந்துச்சு?

இந்தக் கதையில நம்ம மெட்ராசுக்கும் ஒரு பங்கு இருக்கு.

அந்தக் காலத்துல உலகத்துலயே விலை உயர்ந்த சிவப்புச் சாயம் கொச்சினீல். மெக்சிகோவுல கள்ளி மேல வாழுற ஒரு பொடிப் பூச்சியைக் காயவெச்சு அரைச்சா கிடைக்கிறது. ஒரு பவுண்டு சாயத்துக்கு சுமார் 70,000 பூச்சி வேணும். வியாபாரம் முழுக்க ஸ்பெயின்காரன் கையில. கிழக்கிந்தியக் கம்பெனிக்கு இதுல ஒரு கண்ணு. மெட்ராசில கம்பெனியோட தலைமை மருத்துவரா இருந்த ஜேம்ஸ் ஆண்டர்சன், 1786ல உள்ளூர் பூச்சி ஒண்ணைப் பார்த்துட்டு, கொச்சினீலைக் கண்டுபிடிச்சாச்சுன்னு லண்டன்ல இருந்த ஜோசப் பேங்க்ஸுக்குக் கடிதம் எழுதினார். அது கொச்சினீல் இல்லைன்னு ஆயிடுச்சு. மனுஷன் விடலை. லண்டன் கியூ தோட்டத்துல இருந்து கள்ளி வரவழைச்சு, சைதாப்பேட்டைப் பக்கம் கள்ளித் தோட்டமே போட்டார். அதைப் பார்த்துக்கிட்டவர் அவரோட மருமகன் முறை ஆண்ட்ரூ பெர்ரி. தோட்டம் ரெடி, கள்ளி ரெடி, பூச்சி மட்டும் இல்லை. சர்வர் எல்லாம் வாங்கி அடுக்கிட்டு சாஃப்ட்வேர் வரலைன்னு உக்காந்திருந்த எங்க பழைய ப்ராஜெக்ட்தான் ஞாபகத்துக்கு வந்துச்சு :-)

1795ல கேப்டன் நீல்சன்ங்கிறவர் பிரேசில்ல இருந்து பூச்சியைக் கல்கத்தாவுக்குக் கொண்டு வந்தார். ஆனா வந்தது அசல் கொச்சினீல் இல்லை, அதோட காட்டுச் சொந்தக்காரன். சாயம் மட்டம். அதை வெச்சு ஸ்பெயின்காரனோட போட்டி போட முடியலை. திட்டம் படுத்துடுச்சு.

ஆனா அந்தப் பூச்சி வேற ஒரு வேலை செஞ்சுது. 1836-38 வாக்கில அதைத் தென்னிந்தியாவுல விட்டப்போ, இங்க பரவியிருந்த கள்ளிகள்ல ஒரு இனத்தைத் தின்னே தீர்த்துடுச்சு. ஒரு களைச்செடியை ஒழிக்க பூச்சியைப் பயன்படுத்தினதுல உலகத்துக்கே முன்னோடி இதுதான்னு இன்னிக்கும் பாடப்புத்தகங்கள்ல எழுதுறாங்க. சாயத்துக்கு வந்த பூச்சி, களை எடுத்துட்டுப் போச்சு.

அதோட முடிஞ்சிருந்தா நல்லா இருந்திருக்கும். அந்தப் பூச்சிக்கு ஒரு கள்ளிதான் பிடிக்கும். இன்னொரு இனத்தை, மஞ்சப் பூவும் கருஞ்சிவப்புப் பழமுமா இருக்கிற நம்ம சப்பாத்திக்கள்ளியை, அது தொடவே இல்லை. அதை ஜனங்க வேலிக்குன்னு ஆசையாக் கொண்டு வந்து வெச்சாங்க. தண்ணி வேண்டாம், ஆடு மாடு நுழையாது, வேற என்ன வேணும்? ஆனா ஒரு மட்டை உடைஞ்சு விழுந்தாலும் அங்கேயே வேர் விடும். வெட்டிப் போட்டா ஒண்ணு பத்தாகும். பழத்தைத் தின்ன பறவை போற இடமெல்லாம் விதை போடும். வேலியா வந்தது வயலுக்குள்ள வந்துச்சு, புறம்போக்குக்குப் போச்சு, மலை மேலயும் ஏறிடுச்சு.

அப்புறம் 1926ல இலங்கை வழியா வேற ஒரு கொச்சினீல் பூச்சியைக் கொண்டு வந்து விட்டாங்க. இது சரியான ஆளு. அஞ்சாறு வருஷத்துல தென்னிந்தியாவுல சுமார் 40,000 ஹெக்டேர் கள்ளி காலி. வேலியில அங்கங்க மிச்சம் இருக்கிற கள்ளியில வெள்ளையா பஞ்சு ஒட்டின மாதிரி இருக்கும் பாருங்க, அதை நசுக்கினா விரல் சிவக்கும். அதுதான் அந்தப் பூச்சி.

இப்போ வருஷத்தைப் பாருங்க. ரமணர் ஸ்கந்தாசிரமத்துக்கு வந்தது 1916. கந்தசாமி கள்ளி வெட்டினது அதை ஒட்டி. பூச்சி வந்தது 1926. அதாவது, ஏதோ ஊர்ல யாரோ ஆசைப்பட்டு வெச்ச செடியை, பூச்சி வர்றதுக்குப் பத்து வருஷம் முன்னாடி, முள்ளு குத்த குத்த, ஒரு சாமியார் கையால எடுத்திருக்கார். ஆண்டர்சனுக்கு கதீட்ரல் ரோடு தேவாலயத்துக்குள்ள பளிங்குச் சிலை இருக்கு. அவர் செஞ்ச நல்லதும் நிறைய, அவரைக் குத்தம் சொல்லலை. மலையில பரவின கள்ளியை அவர்தான் கொண்டு வந்தார்னும் சொல்ல வரலை. ஆனா செடியைக் கொண்டு வர்றவர் ஒருத்தர், அதை எடுக்கிறவர் வேற ஒருத்தர்ங்கிறது மட்டும் எனக்கு உறைச்சுது.

ரமணரோட அம்மா அழகம்மாள் 1922 மே மாசம் காலமானார். அவரை மலையடிவாரத்துல, பாலி தீர்த்தம் பக்கத்துல சமாதி வெச்சாங்க. அந்த வருஷக் கடைசியில ரமணர் கீழ இறங்கி வந்துட்டார். இன்னிக்கு இருக்கிற ஆசிரமம் அப்படி வளர்ந்ததுதான். அங்கேயும் தென்னை வந்துச்சு. அதுல ஒரு சம்பவம், சூரி நாகம்மா தன் அண்ணனுக்குத் தெலுங்குல எழுதின கடிதங்கள்ல வருது. தேங்காய் பறிக்கிறவங்களை ரமணர் கேட்கிறார்: எதால பறிக்கிறீங்க, நுனியில மூங்கிலா, இரும்பான்னு. இரும்புதான்னு சொல்றாங்க. மரத்துக்கு வலிக்காதா, மூங்கில் போதாதான்னு கேட்டுட்டுப் போயிடுறார். யாரும் காதுல வாங்கலை. அதே இரும்புத் துரட்டிதான் தொடர்ந்துச்சு. கொஞ்ச நாள்ல, பறிச்சவர் நெத்தியிலேயே தேங்காய் விழுந்து மூக்குல பலத்த அடி. ரமணர் அவருக்காக இரக்கப்பட்டார். கூடவே, வாய் திறக்காத மரத்துக்கு எவ்வளவு வலிச்சிருக்கும்னு இப்போ அவருக்குத் தெரிஞ்சிருக்கும்னும் சொன்னார்.

பக்தர்கள் இதை அருளா எடுத்துப்பாங்க. நான் செடிக்காரனா இன்னொண்ணு சொல்றேன். மாமரத்துல வெட்டுப்பட்டா பட்டை வளர்ந்து காயத்தை மூடிடும். தென்னை, பனை, இந்த அலங்காரப் பாம் எதுக்கும் அந்த வசதி கிடையாது. தண்டு தடிச்சு வளர்ற அடுக்கு அதுங்களுக்கு இல்லை. ஒரு தடவை பட்ட காயம் மரம் சாகுற வரைக்கும் அப்படியே இருக்கும். அந்தக் காயத்து வாசனைக்குத்தான் சிவப்புக் கூன்வண்டு தேடி வந்து முட்டை போடும். வளர்றதுக்கு ஒரே ஒரு குருத்துதான். அது போச்சுன்னா மரமே போச்சு. அதனால பாம் வெச்சிருக்கிறவங்களுக்கு முதல் பாடம்: பச்சை மட்டையை அழகுக்குன்னு வெட்டாதீங்க. பழைய மட்டையில இருக்கிற சத்தை மரம் உறிஞ்சி புது மட்டைக்கு அனுப்பும். முழுசாக் காஞ்ச பிறகு எடுத்தாப் போதும். அடியில தண்ணி தேங்க விடாதீங்க. குருத்து மூழ்கிற மாதிரி மண்ணை அணைக்காதீங்க.

இன்னிக்கு ரமண நகர் தெருக்கள்ல நடந்தா ஒவ்வொரு காம்பவுண்டுக்குள்ளயும் ஒரு உலக வரைபடம் தெரியும். அரேகா பாம் மடகாஸ்கர்ல இருந்து வந்தது. ராயல் பாம் கியூபா பக்கம். பெரியப்பாவோட ஃபாக்ஸ்டெயில், ஆஸ்திரேலியாவுல குயின்ஸ்லாந்தோட ஒரு சின்ன மலைப்பகுதியில மட்டும் இருந்தது. அதுக்கு அறிவியல் பேரு வெச்சதே 1983லதான். பாட்டில் பாம் மொரீஷியஸ் பக்கத்துல ஒரு குட்டித் தீவோடது. அங்க கொண்டு போய் விட்ட ஆடும் முயலும் கன்னை எல்லாம் மேய்ஞ்சு, சொந்த ஊர்ல விரல் விட்டு எண்ணுற அளவுக்குக் குறைஞ்சுபோச்சு. அதனால வெளியூர்ச் செடின்னாலே வில்லன்னு நான் சொல்ல மாட்டேன். மிளகாய், தக்காளி, கொய்யா எல்லாம் வந்தேறிதான். அதுங்க இல்லாம நமக்குச் சாப்பாடு இறங்குமா?

ஆனா செடி தனியா பயணம் பண்றதில்லை. 2016ல பொள்ளாச்சியில தென்னையில ஒரு வெள்ளை ஈ தென்பட்டுச்சு, ரூகோஸ் சுருள் வெள்ளை ஈன்னு பேரு, அதுவும் அமெரிக்கக் கண்டத்து சரக்கு. இலை அடியில வெள்ளை வெள்ளையா சுருள், மேல கரி பூசின மாதிரி பூஞ்சை. தென்னையில ஆரம்பிச்சு அலங்காரப் பாம் வரைக்கும் எல்லாத்துலயும் உக்காரும். பயந்து போய் விஷ மருந்து அடிச்சவங்க உண்டு. ஆனா அந்த ஈயோட குஞ்சுக்குள்ள முட்டை போட்டு அழிக்கிற என்கார்சியாங்கிற பொடிக் குளவி, யாரும் விடாமலே இங்க வந்து சேர்ந்திருந்துச்சு. மருந்து அடிச்சா முதல்ல சாகுறது அந்தக் குளவிதான். அதான் மருந்து அடிக்காதீங்க, தண்ணியை வேகமாப் பீய்ச்சுங்க, மஞ்ச ஒட்டும் பொறி கட்டுங்கன்னு ஆராய்ச்சி நிலையங்கள் சொல்லுது. 1926ல நாமளா கொண்டு வந்தோம், இந்தத் தடவை தானா வந்துச்சு. ஒவ்வொரு தடவையும் இப்படி அதிர்ஷ்டம் அடிக்கும்னு சொல்ல முடியாது. சீமைக் கருவேலத்தை 1877ல கடப்பா பக்கம் நட்டாங்க, விறகுக்கு ஆகும்னு. இன்னிக்கு வரைக்கும் தோண்டிக்கிட்டே இருக்கோம்.

இதையெல்லாம் ஸ்கந்தாசிரமத்துப் படியில உக்காந்து பெரியப்பாகிட்ட சொன்னேன். பொறுமையா கேட்டார்.

"அப்ப என்னதாண்டா சொல்ற? ஆறையும் திருப்பிக் குடுத்துடவா?"

"வேணாம் பெரியப்பா. வைக்கலாம். இது கள்ளி மாதிரி மட்டை உடைஞ்சு பரவுறது இல்லை. ஆனா இலை அடியைத் திருப்பிப் பார்த்துட்டு, ரெண்டு வாரம் தனியா வெச்சுட்டு அப்புறம் நடுங்க. கோடையில தண்ணி ஊத்த ஆள் இருக்கணும், அதையும் யோசிங்க. அந்த வடலியை மட்டும் விட்டுடுங்க."

"அது வளர்ந்து காய்க்கிறதுக்குள்ள நான் இருப்பேனாடா?"

அதுக்கு என்கிட்ட பதில் இல்லை. பனை காய்க்க பதினைஞ்சு இருபது வருஷம் ஆகும். அவருக்கு இப்பவே அறுபத்தி நாலு.

இறங்கி வந்ததும் ஆறு கன்னையும் திருப்பிப் பார்த்தோம். ரெண்டுல வெள்ளைச் சுருள் இருந்துச்சு. அதை மட்டும் தனியா எடுத்து, பின்பக்கம் குழாயடியில வெச்சு, பெரியப்பாவே ஹோஸ் பிடிச்சு இலை இலையாக் கழுவினார். சாயங்காலம் மேஸ்திரி வந்தார். மூலையில சுவரை ரெண்டடி உள்ள வளைச்சுக் கட்ட எவ்வளவு ஆகும்னு பெரியப்பா கேட்டுக்கிட்டு இருந்தார். மேஸ்திரி என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். நான் பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு கிளம்பிட்டேன் :-)